முறைச் சேலை

பெங்களூர்
6.10.2024

அன்புத் தங்கை தாணம்மாளுக்கு அண்ணன் முத்துக்குமாரசாமி எழுதுவது. இங்கே நான், உன் மதினி, ஹரிகுமார் மூவரும் சுகம். உன் காதுக்கு வாங்கிய புது மெஷின் ஒத்துப்போகிறதா? மாப்பிள்ளையின் மூட்டுவலி தேவலையா? அஸ்வதிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை எப்படி?

போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. அஸ்வதி நடுவில் நின்று நான் சொல்வதை உன் காதில் கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்கும். அதனால் கடிதமே நல்லது என்று எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டிசம்பரில் நாங்கள் கொச்சியிலிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் போகிறோம். இருபத்தேழாம் தேதி கப்பல் ஏறவேண்டும். அதற்கு முன்னால் நாலைந்து நாள் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் தங்கி இளைப்பாற வேண்டும் என்று வசந்திக்கு ஆசை. பெங்களூர்க் குளிருக்குத் தப்பிய மாதிரியும் ஆச்சு, ஊரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. அப்போது நம் சாஸ்தா கோயிலிலும் பக்கத்தில் குளத்தங்கரை இசக்கியம்மனுக்கும் ஒரு பொங்கல் வைக்கவேண்டும். ஏற்பாடெல்லாம் உன் பொறுப்பு.

அன்னக்கிளி எப்படி இருக்கிறாள்? அவளுக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் ஏதும் உண்டா? சும்மாதான் கேட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.
அண்ணன்
முத்துக்குமாரசாமி


பறக்கை
15.10.2024

என் அண்ணனுக்குத் தாணு எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். மெஷினைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை மாட்டினால் காக்கா கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கிறது, மனுஷர் பேசுவது கேட்கவில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். ஆட்களின் வாயைப் பார்த்தே முக்கால்வாசி விளங்கிவிடும், அது போதும். இவருக்கு மூட்டுவலி அப்படியேதான். அதோடுதான் உரக்கடைக்குப் போய் வருகிறார்.

நல்லா இருக்கு அண்ணா உங்கள் நியாயம்! பிறந்த ஊருக்கு வந்து யாராவது மெத்தையை வாடகைக்கு எடுத்துப் படுப்பார்களா? இங்கே மாடி அறை சும்மாதானே கிடக்கிறது? உங்கள் மாப்பிள்ளையிடம் கடிதத்தைக் காட்டினேன். "உங்க அண்ணன் கடல்ல வாடகை குடுக்கதுக்கு முன்னால கரையில குடுத்துப் பழகுதாரு ஆக்கும்" என்று சிரிக்கிறார்.

அன்னக்கிளிக்கு என்ன மனத்தாங்கல்? நீங்கள் முறைப்பெண்ணை விட்டுவிட்டு மெட்ராஸில் பெண் எடுத்தபோது அம்மா எல்லாம் முறையாகத்தானே செய்தாள். வெற்றிலைத் தட்டில் சேலையை வைத்துக்கொண்டு அத்தை வீட்டு நடையில் நின்று, அன்னக்கிளி முகத்தைப் பார்த்து, "மக்களே, எம்மவன் மேல உனக்குள்ள முறைய விட்டுத் தா" என்று வாய்விட்டுக் கேட்டாள். அன்னக்கிளி அழுதாள்தான். ஆனாலும் வாங்கி உடுத்திக்கொண்டு வந்தாள். அவள் அந்தச் சேலையோடு வந்து நின்ற பிறகுதானே கல்யாண வண்டியே கிளம்பியது! நம் குடும்பத்தில் முறைப்பெண்ணிடம் கேட்காமல் யார் தாலி கட்டியிருக்கிறார்கள்? அவளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. நல்லா இருக்கிறாள்.

இனி என் காரியம். அப்பாவின் பதினாறாம் நாள், பத்துப்பேர் பார்க்க, அஸ்வதி என் ஹரிக்குத்தான் என்று சொன்னீர்கள். அதை நம்பித்தான் வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறேன். இப்போது தக்கலையிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. பையன் பெயர் சிவபிரசாத், மின்வாரியத்தில் இன்ஜினியர். தங்கமான குடும்பம், விடாமல் கேட்கிறார்கள். அவளுக்கும் இருபத்தெட்டு நடக்கிறது அண்ணா. தெருவில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மதினிக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லவும்.
தாணம்மாள்


பெங்களூர்
13.11.2024

அன்புத் தங்கைக்கு, பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். எனக்குத்தான் கொஞ்சம் ரத்த அழுத்தம், மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

கப்பல் படம் பார்த்தேன். பதினோரு மாடி. நீச்சல்குளம், சினிமாக் கொட்டகை எல்லாம் உள்ளேயே. சாப்பாடு ராத்திரி பகல் எப்போதும் உண்டாம். ஹரியின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பங்களும் சேர்ந்து வருவதால் நாற்பது பேருக்கு மேல் ஆகிறது.

தக்கலைப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் இரண்டொரு இடத்தில் விசாரித்தேன், நல்ல பிள்ளை என்கிறார்கள். அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதே. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் மதினி அஸ்வதிக்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கவேண்டும் என்கிறாள். என்ன நிறம் பிடிக்கும் என்று எழுது.

அண்ணன்


பறக்கை
19.11.2024

அன்பான அண்ணனுக்கு, மாத்திரையை விடாமல் போடுங்கள், உப்பைக் குறையுங்கள். இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியே உட்கார்ந்து சிரித்தேன். தக்கலைப் பையனை வேண்டாம் என்று சொல்லாதே என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே பட்டுச் சேலைக்கு நிறம் கேட்கிறீர்கள்! என்னைச் சோதித்துப் பார்க்கிறீர்களோ? சின்ன வயசிலிருந்தே உங்களுக்கு இந்தக் குசும்பு உண்டு. மாமியார் சேலைக்கு நிறம் கேட்டுவிட்டாள், இனி எனக்கு வேறு என்ன வார்த்தை வேண்டும்? தக்கலைக்காரர்களுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். என்ன செய்ய?

அஸ்வதிக்கு மாம்பழ நிறம், அரக்குக் கரை. நான் கேட்டதற்கு, "எனக்கென்னம்மா, மாமி எடுக்கதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்து வருஷமாயிற்று.

நீங்கள் வருகிறபோது மார்கழி பிறந்திருக்கும். நல்ல காரியம் ஒன்றும் பேச முடியாது. சேலையைக் கொடுங்கள், தை பிறந்ததும் தட்டோடு முறைப்படி வாருங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை
தாணம்மாள்


பெங்களூர்
2.12.2024

தாணுவுக்கு, சுகம். நீ அவசரப்பட்டுவிட்டாய். சரி, எழுதி என்ன?

இருபத்திரண்டாம் தேதி காலை வந்து சேருவோம். பெரிய விருந்தெல்லாம் வேண்டாம். சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடாதே, வசந்திக்குக் கூட்டம் ஆகாது. பொங்கல் மட்டும் மறக்காதே.

அண்ணன்


பறக்கை
31.12.2024

அண்ணா, கடலும் காற்றும் தொந்தரவு செய்யாமல் எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மதினிக்குத் தலைசுற்றல் வரும் என்றார்களே, புளிப்பு மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டார்களா? கப்பலுக்குக் கடிதம் போட வழியில்லாததால் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். திரும்பி வந்ததும் படித்துக்கொள்ளுங்கள்.

உங்களை வழியனுப்பிவிட்டு வந்ததிலிருந்து மனசுக்குள் ஒரு முள். கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அஞ்சு நாள் இருந்தீர்கள், என் வீட்டில் ஒரே ஒரு நேரம்தான் கை நனைத்தீர்கள். அவியலும் உள்ளித்தீயலும் அடைப்பிரதமனும் வைத்தேன். மதினி இரண்டு பருக்கை எடுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். நீங்கள் பிரதமனை மூன்று தடவை வாங்கினீர்கள், ஆனால் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

சேலையை மதினி என் வீட்டில் வைத்துக் கொடுப்பார்கள் என்று விளக்கைத் துலக்கி, வெற்றிலையெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். கடைசியில் ரிசார்ட் சாப்பாட்டுக் கூடத்தில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கீழே, கடைப் பையோடு என் மடியில் வைத்தார்கள். அஸ்வதி அந்நேரம் ஹரியோடு மணலில் நின்றாள். நீங்கள் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். இவர் வீட்டுக்கு வந்ததும், "முறை கேட்டு ஒருத்தரும் வரல, சேல மட்டும் வருது. என்னவாக்கும் இது தாணு?" என்றார். மார்கழியில் எப்படிக் கேட்பார்கள் என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

கோயிலில் சாஸ்தா காலடியில் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டீர்களே, "கப்பல் டிக்கெட்டா அண்ணா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினீர்கள். இசக்கியம்மன் முன்னால் போனபோது அவ்வளவு நேரம் நின்றீர்கள். சட்டை முதுகெல்லாம் வேர்த்திருந்தது. ரத்த அழுத்தத்தை நன்றாகக் கவனியுங்கள்.

அஸ்வதி சேலையை மூன்று தடவை பிரித்து மடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழாவுக்கு உடுத்தப் போகிறாளாம். தை பிறந்ததும் நாள் பார்த்து எழுதுங்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தாணு


நாகர்கோவில்
11.1.2025

மாமாவுக்கு அஸ்வதி எழுதுவது. வழக்கமாகச் சுகம் விசாரித்துத்தான் தொடங்கவேண்டும். இன்றைக்கு அது முடியவில்லை.

நேற்று பள்ளியில் பொங்கல் விழா. மாமி தந்த மாம்பழப் பட்டை உடுத்திப் போனேன். ராஜபாய் டீச்சர் முந்தானையைப் பிடித்துப் பார்த்து, "மாமியா வீட்டுச் சேலையா டீச்சர்? வெக்கத்தப் பாரு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் ஆசிரியர் அறைக்கு வந்து போனை எடுத்தேன். ஹரி படம் போட்டிருந்தார். கப்பல் மேல்தளம், கழுத்தில் மாலை, பக்கத்தில் நிகிதா என்று ஒரு பெண். பின்னால் நீங்களும் மாமியும் அட்சதையோடு நிற்கிறீர்கள். டிசம்பர் இருபத்தொன்பது என்று போட்டிருந்தது.

மாற்றிக்கொள்ள வேறு சேலை இல்லை மாமா. அதை உடுத்திக்கொண்டே சாயங்காலம் வரை பாட்டுக்கும் கோலத்துக்கும் நின்றேன். அதோடுதான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஹரிமேல் எனக்குக் கோபமில்லை. அவர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு மணலில் நின்றபோது, "ஆல் தி பெஸ்ட் அஸ்வதி" என்றார். நான் எழுதின பரீட்சைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தேங்க்ஸ் சொன்னேன். வாக்குக் கொடுத்தவர் நீங்கள். என் அம்மா காது கேட்காதவள், ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் கண்ணில் படாமல் இருக்கத்தான் இதை இங்கே வந்து எழுதுகிறேன். வாசலில் தபால்காரர் சைக்கிளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள். நீங்களே எழுதுங்கள். அவளுக்கு அது உங்கள் கையெழுத்தில்தான் வரவேண்டும்.

அஸ்வதி


பெங்களூர்
24.1.2025

என் அருமைத் தங்கை தாணுவுக்கு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நீ சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் சாமியைக் கும்பிடுகிறேன்.

ஹரிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கப்பலில்தான். பெண் அவனோடு வேலை பார்க்கிறவள், வடக்கே உள்ள குடும்பம். அவர்களுடைய ஆட்கள் அமெரிக்காவிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் வரமுடியும் என்றார்கள். மார்கழி என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன்னிடம் சொன்னால் ஊர் கூடிவிடும், அழுகையும் ஏச்சுமாகிவிடும் என்று வசந்தி தடுத்தாள். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் அஞ்சு நாள் தங்க ஏற்பாடு செய்தேன். உன் வீட்டு வெள்ளையடித்த சுவரைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மஞ்சள் துணியில் இருந்தது தாலி.

ஆனால் ஒன்று. முறையைக் கழிக்காமல் நான் தாலி கட்டவிடவில்லை. சேலை கொடுத்தோம், நீ மடியில் வாங்கிக்கொண்டாய். கொடுக்கும்போது வசந்தி முறையை விட்டுத் தரச்சொல்லிக் கேட்டாளாம், மெதுவாகக் கேட்டதால் உன் காதில் விழுந்திருக்காது. அஸ்வதியும் அதை உடுத்தியதாக அவளே எழுதியிருக்கிறாள். முறைப்பெண் உடுத்திவிட்டால் விட்டுக்கொடுத்ததாகத்தானே கணக்கு? நீயே அப்படித்தான் எழுதியிருந்தாய்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கப்பலில் இருந்து இறங்கியதிலிருந்து ஹரிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. என்னவென்று டாக்டருக்குப் பிடிபடவில்லை. மருமகள் படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டிருக்கிறாள். வசந்தி இதெல்லாம் சும்மா என்கிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் குளத்தங்கரை இசக்கியம்மன்தான் வருகிறாள். நீ ஒரே ஒரு வரி எழுது தாணு. முறையை விட்டாச்சு என்று ஒரு வரி.

உன் பாவப்பட்ட அண்ணன்
முத்துக்குமாரசாமி


பறக்கை
2.2.2025

அண்ணனுக்குத் தாணம்மாள் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம்.

உங்கள் கடிதத்தை நான் படித்து முடிக்கிறவரை அஸ்வதி எதிரிலேயே நின்றாள். அவளுக்கு முன்னமே தெரியுமாம். எனக்காகச் சிரித்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து பொங்கப்பானைக்கு மஞ்சள் கட்டியிருக்கிறாள் பாவி மகள். இவர் மாடி அறைக்கு வாங்கிப்போட்ட புதுக் கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டு வந்தார். தக்கலைக்கு மறுபடி ஆள் அனுப்பினோம். அந்தப் பையனுக்கு ஈத்தாமொழியில் பெண் நிச்சயமாகிவிட்டதாம்.

மதினி மெதுவாகக் கேட்டார்களா? அண்ணா, நான் காதால் கேட்டு வருஷம் எத்தனையோ ஆச்சு. வாயைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு மதினியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நல்ல சொல் வருமா என்று. "கலர் பிடிச்சிருக்கா தாணு" என்றார்கள். பிறகு பரிமாறுகிற பையனைப் பார்த்து, "காபிக்கு சுகர் வேண்டாம்" என்றார்கள். அவ்வளவுதான் அந்த வாய் பேசியது. செவிடிதானே, சொன்னோம் என்று சொன்னால் நம்புவாள் என்று நினைத்துவிட்டீர்கள். அஸ்வதி நெஞ்சு வெந்து எழுதின கடிதத்தையே எடுத்து, உடுத்திவிட்டாளே என்று சாட்சி சொல்கிறீர்கள். உங்களுக்கு எப்படி அண்ணா கை வந்தது?

அன்னக்கிளியை வரச்சொல்லிச் சேலையைக் காட்டினேன். விரித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏட்டி தாணு, உங்கம்ம எனக்குத் தந்தது நூல் சேலதான். ஆனா நடையில நிண்ணு, எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டா. நான் தரமாட்டேன்னு சொல்லியிருந்தா திரும்பிப் போயிருப்பா. இது பட்டுதான். ஆனா இதக் கேட்டா தந்தாவ?" கேட்டுத் தந்தால்தான் அது முறைச் சேலை. கேட்காமல் மடியில் போட்டால் வெறும் துணி. எம்மகள் உடுத்தினது வெறும் துணியைத்தான். அவள் முறை அவளிடமே இருந்தது.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்யட்டும் என்று அஸ்வதியைக் கேட்டேன். "எனக்கு வேண்டாம்மா. யாருக்கு வேணும்னாலும் குடு" என்றாள். வாய்விட்டுச் சொன்னாள், நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நானும் அன்னக்கிளியும் குளத்தங்கரை இசக்கியம்மனிடம் போனோம். உங்களை மாதிரிக் கடைப் பையில் கொண்டுபோகவில்லை. வெற்றிலைத் தட்டில் வைத்து, நடையில் நின்று, அம்மா கேட்ட மாதிரியே வாய்விட்டுச் சொன்னேன். "அம்மா, ஹரிகுமார் மேல எம்மவளுக்குள்ள முறைய உனக்குத் தாறேன். இனி அவனுக்கு முறைக்காரி நீதான்." பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலையை வாங்கி அவளுக்குச் சாத்தினார். மாம்பழ நிறம் அவளுக்கு நன்றாக எடுக்கிறது. நம்பவைத்து ஏமாற்றினவர்களை அவள் என்ன செய்வாள் என்று நான் எழுதவேண்டியதில்லை. அந்தக் குளத்தங்கரையில்தானே நீங்களும் வளர்ந்தீர்கள்.

முறையை விட்டாச்சு என்று ஒரு வரி கேட்டீர்கள். என்னிடம் இல்லை அண்ணா. வேண்டுமென்றால் மதினியைக் கூட்டிக்கொண்டு தட்டோடு வாருங்கள். அம்மன் நடையில் நின்று, முகத்தைப் பார்த்து வாய்விட்டுக் கேளுங்கள். தருவாளோ மாட்டாளோ, அது உங்கள் பாடு, அவள் பாடு. வரும்போது ரிசார்ட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள்.

வேறு விசேஷமில்லை. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். புது மருமகளுக்குக் கால் எப்படி இருக்கிறது? ஹரிக்குக் காய்ச்சல் விட்டதா?

தாணம்மாள்